மஞ்சள் பூவும் மூன்று மடல் இலையும்

எனக்குச் செடி தெரியும். இதை அடக்கமாகச் சொல்ல ஒரு வழி இருக்கலாம், எனக்கு அது கைவரவில்லை. இருபத்தேழு வருடம் ஒரு கல்லூரியின் தாவரவியல் செய்முறைக் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். பாடம் நடத்தியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் மேஜைமேல் வைத்து நடத்திய செடியை விடியற்காலையில் தேடிப்போய், வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தவள் நான். மாடம்பாக்கம் ஏரிக்கரையில் எந்த மாதம் எது பூக்கும், ரயில் பாதையோரத்தில் எந்த மழைக்குப் பிறகு எது தலைகாட்டும், வண்டலூர்க் காட்டோரத்தில் எதைத் தொட்டால் கை அரிக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. ஒன்றும் மறந்துபோகவில்லை.

செய்முறைத் தேர்வில் ‘ஸ்பாட்டர்’ என்று ஒன்று உண்டு. மேஜையில் வரிசையாகத் தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கிளை அல்லது ஒரு பூ, பக்கத்தில் ஏ, பி, சி என்று ஒரு சீட்டு. மாணவர்கள் ஒரு தட்டின்முன் ஒரு நிமிடம் நிற்கலாம். அதற்குள் பெயர், குடும்பம், இரண்டு அடையாளங்கள் எழுதிவிட வேண்டும். மணி அடித்ததும் அடுத்த தட்டுக்கு நகர வேண்டும். அந்த மணியை அடிப்பது என் வேலை. வருடக்கணக்காக மணி அடித்ததில் எனக்கே ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் பேனா மூடியைக் கழற்றுவதற்குள் மனதுக்குள் பெயரைச் சொல்லிவிடுவேன். சொன்ன பெயர் சரியாகவும் இருக்கும். அதைக் கெட்ட பழக்கம் என்று நினைக்க எனக்குக் காரணமே இருக்கவில்லை.

நாங்கள் குடியிருப்பது கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகும் வழியில், முப்பது வீடுகள் உள்ள ஓர் அடுக்ககம். அதன் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் அடுத்தபடியாக அதிகம் வருவது எனக்கான படங்கள்தான். “மேடம், இது என்ன செடி?” என்று யாராவது மொட்டைமாடித் தொட்டியையோ காலி மனையையோ படம் பிடித்துப் போடுவார்கள். குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் பதில் போய்விடும். தும்பை. வெட்டுக்காயப் பூண்டு. மூக்கிரட்டை. குப்பைமேனி. கூடவே ஒரு வரி உபயோகமும் எழுதுவேன். சளிக்குத் தும்பையைப் போட்டு ஆவி பிடியுங்கள், கை வெட்டிக்கொண்டால் வெட்டுக்காயப் பூண்டு இலையைக் கசக்கி வையுங்கள், அந்த மாதிரி. இரண்டாவது மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப் உண்டு. நான் பதில் போட்ட பிறகு அவரும் ஆப் சொன்னதைப் போடுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆப்பை நான் மெச்சிக்கொள்வேன்.

வாசலில், புங்கமரத்தடியில், ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பத்து வருடமாக நிற்கிறார்கள். அவர் வீடு வீடாகப் போய்த் துணி வாங்கி வருவார், அவள் தேய்ப்பாள். கை வலித்தால் இரண்டு பேரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். அடுக்ககத்துப் பெண்கள் எல்லாரையும் அவள் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவாள். என்னை மட்டும் ‘அக்கா’ என்பாள். நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் சாக்குப் பையோடு காலை ஐந்தரைக்கு அவள் வண்டியைக் கடந்து போவேன். வேலைக்குப் போகிறவள் யார், நடைப்பயிற்சிக்குப் போகிறவள் யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த ‘அக்கா’வில் எனக்கு உள்ளுக்குள் பெருமை உண்டு.

போன தை மாதம் அவள் புருஷனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண் இரண்டும் மஞ்சள், சோற்றைக் கண்டால் குமட்டல், துணி மூட்டையைத் தூக்க முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து, எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டு ஓய்வெடுக்கச் சொல்லி, அடுத்த வியாழக்கிழமை மறுபடி ரத்தம் கொடுக்க வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் நான் துணி கொடுக்கப் போனபோது அவள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“மாத்திரலாம் குடுத்துகிறாங்கக்கா. ஆனா பச்ச மருந்து குடிச்சாதான் காமால எறங்கும்ன்றாங்க எல்லாரும். கரிசலாங்கண்ணி எங்கக்கா கெடைக்கும்?”

கரிசலாங்கண்ணியைக் கேட்டால் நான் நின்றுவிடுவேன். நம் ஊர்ச் செடிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது. ஈரம் கண்ட இடமெல்லாம் முளைக்கும். எதிரெதிராக நீட்டு இலை, தொட்டால் சொரசொரப்பு, சட்டைப் பித்தான் அளவுக்கு வெள்ளைப் பூ. சந்தேகம் இருந்தால் தண்டை ஒடித்து விரலில் தேய்த்தால் போதும், கொஞ்ச நேரத்தில் சாறு கறுத்துப்போகும். அந்தக் கறுப்புக்காகத்தான் தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறார்கள். சாற்றில் துணியை நனைத்துக் காய வைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டு எரித்து, அந்தப் புகைக்கரியைத் தட்டில் பிடித்துக் கண்மை செய்கிறார்கள். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் லேசான கசப்போடு நன்றாக இருக்கும். காமாலைக்குத் தருவதும் காலங்காலமாக உண்டு. மஞ்சள் பூப் பூக்கும் கரிசலாங்கண்ணி என்று இன்னொன்றும் இருக்கிறது, கீரைக்காரர்கள் வீட்டில் வளர்த்து விற்பார்கள். காமாலைக்கு அதுதான் உசத்தி என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னேன், அது சத்தியம். எங்கள் தெருக் கால்வாயோரம் வெள்ளைக் கரிசலாங்கண்ணி கொழுத்துக் கிடக்கிறது, ஆனால் அது சாக்கடை குடித்து வளர்ந்தது. “அத மட்டும் பறிச்சிடாதம்மா, ஒண்ணு போக ஒண்ணு வந்துடும்” என்று எச்சரித்தேன். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் நான் தாம்பரம் ஸ்டேஷனில் இருந்தேன். குரோம்பேட்டையில் கண் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். நடைமேம்பாலத்தில் பாதியில் நிற்கும்போதே ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. போன் சிணுங்கியது. அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். படம் முழுக்க ஒரே ஒரு மஞ்சள் பூ. அடியில் குரல்செய்தி: “அக்கா, மஞ்ச கரிசலாங்கண்ணி இதானா பாருக்கா. சுத்தமான எடத்துல கீது.”

எனக்குள் இருந்த மணி அடித்துவிட்டது. இதுதான், பறிச்சுக்கோ, காலையில் வெறும் வயிற்றில் கொஞ்சமாக அரைத்து மோரில் கொடு என்று நடந்துகொண்டே பேசி அனுப்பிவிட்டு ரயிலைப் பிடித்தேன். உட்கார இடமும் கிடைத்தது. அந்த நாள் நல்ல நாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழங்கால் வீங்கி நான் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டாவது மாடிக்காரர் குழுவில் எழுதியிருந்தார்: “மேடம், அயர்ன் அக்கா வண்டில வெச்சிருக்கற செடிய ஆப்ல பாத்தேன். ஏதோ வேற பேரு காட்டுது. அழகுக்கு வளர்க்கற செடின்னு வருது.” எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சார், உங்க ஆப் போன மாசம் எங்க வீட்டுப் புதினாவைத் துளசின்னு சொல்லுச்சு. வைத்தியம் பண்றவங்கள ஏன் குழப்பறீங்க?” என்று எழுதினேன். பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவர் கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்து, இரண்டு புடவைகளை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவள் புருஷன் வண்டிக்குப் பின்னால் ஸ்டூலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி மூலையில் ஈரத் துணியில் சுற்றி ஒரு கட்டுச் செடி இருந்தது. துணி கொஞ்சம் விலகி, இலை வெளியே தெரிந்தது. தடித்த, எண்ணெய் பூசினாற்போல் பளபளக்கும் இலை. நடுவில் ஒரு முனை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு முனை. மூன்று மடல்.

மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு மூன்று மடல் கிடையாது. அதன் இலை நீளமாக, ஒரே மடலாக, சொரசொரப்பாக இருக்கும். இது பங்களா வாசலிலும் சாலை நடுத்திட்டிலும் காண்டிராக்டர்கள் தரையை மூட நட்டுவிடும் வெளிநாட்டுக் கொடி. கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பாய் விரித்தாற்போல் பரவும். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள், பூ ஒரே ஜாடையில் இருக்கும். இலையோடு சேர்த்துத் தட்டில் வைத்தால் முதல் வருடப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். நான் இலையைக் கேட்கவே இல்லை.

“எங்கம்மா பறிச்ச இத?”

“அந்தப் புது வில்லாங்க கட்டிகிறாங்கல்லக்கா, அத்தோட வாசல்ல. எவ்ளோ சுத்தமா கீது தெர்மா? வாட்ச்மேன்கிட்ட கேட்டுதான் பறிச்சேன்.”

“எத்தனை நாளாச்சு?”

“இன்னியோட நாலு.” அவள் முகம் மலர்ந்திருந்தது. “கண்ணு தெளிஞ்சிகினு வருதுக்கா. நாளிக்கு வியாழன், ஆஸ்பத்திரிக்கு வர சொன்னாங்க. அத்த வுட்டாச்சு. அங்க போயி நாளெல்லாம் நிக்க இவரால ஆவாது. உங்க மருந்தே போதும்ன்ட்டாரு.”

ஈரல் வீங்கிப் போயிருக்கும் ஒரு மனிதன் நாலு நாளாக என்னவென்று தெரியாத ஒரு கொடியை வெறும் வயிற்றில் குடிக்கிறார். அது விஷமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஈரலை அது என்ன செய்யும் என்றும் தெரியாது. அதைவிட மோசம், என் பேச்சை நம்பி டாக்டரை விட்டுவிட்டார்.

அந்த இடத்தில் நான் செய்ததை இப்போது எழுதவும் கூசுகிறது. உண்மையைச் சொல்லவில்லை. வாய் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது.

“பச்சை மருந்துக்கு மூணு நாள்தாம்மா கணக்கு. நீ நாலு நாள் குடுத்துட்ட. இன்னியோட நிறுத்திடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுத்துட்டு வந்துடுங்க, ஒரு திருப்திக்கு.”

“சரிக்கா” என்றாள். அவ்வளவுதான். வேலை முடிந்தது. செடி நிற்கும், அவர் போவார், என் பெயருக்கும் ஒரு கீறல் இல்லை. புடவைகளைக் கொடுத்துவிட்டு மேலே வந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. நல்லதுதானே செய்தோம், பிறகு ஏன் இப்படி என்று எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பால்கனியிலிருந்து பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். செடிக் கட்டும் அப்படியே இருந்தது, அவள் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

“என்னம்மா, போகலையா? இத இன்னும் தூக்கிப் போடலையா?”

“எதுக்குக்கா போடணும்? மூணு நாளு குடிச்சி, மூணு நாளு வுட்டு, மறுபடி மூணு நாளு. எங்க வூட்ல அப்டிதான் குடுப்பாங்க. நீங்க மூணு நாளு கணக்குன்னு சொல்லசொல்லதான் எனக்கே நாபகம் வந்துது. ஞாயித்துக்கெழம மறுபடி ஆரம்பிச்சிடலாம். அது முடிஞ்சி வோணா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கலாம்.”

நான் சொன்ன பொய், மருந்துக்குப் பத்தியமும் முறையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. இன்னும் கெட்டியாக நம்ப வைத்துவிட்டது. ஆபீஸ் போகும் நேரம் அது. தேய்த்த சட்டைக்காக நாலைந்து பேர் வண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டாவது மாடிக்காரரும் ஒருவர். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். கூப்பிட்டால் அதற்குள் இன்னொரு பொய் தயாராகிவிடும் என்று தெரிந்தது. என்னை எனக்குத் தெரியும்.

“அது கரிசலாங்கண்ணி இல்லம்மா. நான் தப்பா சொல்லிட்டேன்.”

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “இன்னாக்கா சொல்றீங்க?”

“நீ பூவைத்தான் அனுப்பின. நான் இலையைக் கேட்டிருக்கணும், கேக்கல. ஓடற ரயிலைப் பிடிக்கற அவசரத்துல சொன்னேன். நேத்து இலையைப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. இது அழகுக்கு வைக்கற கொடி. சார் ஆப் சொன்னதுதான் சரி, அவரையும் திட்டிட்டேன். இத இனிமே ஒரு இலை கூடக் குடுக்கக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நானும் வரேன்.”

இரண்டாவது மாடிக்காரர் தன் சட்டையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலிலிருந்த மனிதர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“நான் அன்னிக்கே சொன்னேன். அந்தாண்ட போன ஆடு மோந்து பாத்துட்டு வோணாம்னு போச்சி. ஆடு வோணாம்ன்றத எனக்குக் குடுக்கிறியேன்னேன். கேட்டாளா?”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்தே தெரிஞ்சிட்சா உங்களுக்கு?”

“தெரிஞ்சுடுச்சு.”

“தப்பா சொன்னது பரவால்ல. எல்லாருக்கும் தப்பு வர்றதுதான், நானும் சட்டைய தீச்சிருக்கேன். தீஞ்சா தீஞ்சிட்சின்னு சொல்லி குடுப்பேன். மூணு நாளுன்னு சொன்னீங்களே, அது இன்னாத்துக்கு?”

இருபத்தேழு வருடத்தில் எந்தப் பேராசிரியரும் என்னை அப்படி நிற்க வைத்ததில்லை.

அவள் செடிக் கட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “நீங்க இவர கூட்டிகினு போங்க, மேடம். எனக்குத் துணி கீது.”

மேடம். ஆட்டோவில் ஏறி ஜி.எஸ்.டி. ரோடு வரும் வரைக்கும் அந்த ஒரு சொல்தான் காதில் இருந்தது. பக்கத்தில் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். இந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வேன் என்று நினைத்தேன், அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “நாட்டு மருந்து ஏதாவது குடிச்சீங்களா?” என்று கேட்டார். இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற தயவு இருந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நானே சொன்னேன். என்ன கொடி, எத்தனை நாள், எவ்வளவு, யார் சொல்லி என்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இனி எந்த இலையும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் எடுக்க அனுப்பினார்.

மறுநாள் முடிவு வந்தது. காமாலை இறங்கத் தொடங்கியிருந்தது. இந்த வகைக் காமாலை ஓய்வெடுத்துச் சரியாகச் சாப்பிட்டால் பெரும்பாலும் தானே இறங்கும், ஆனால் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவியது அன்றைக்குத்தான்.

இனி வந்ததுதான் வேடிக்கை. அவர் தெம்பாக எழுந்து மறுபடி துணி வாங்க வீடு வீடாகப் போனதும், அடுக்ககம் முழுக்க ஒரே பேச்சு. “மேடம் குடுத்த மூலிகைதான் காப்பாத்துச்சு.” வில்லா வாசலில் கொடி மொட்டையாகிக்கொண்டு வந்தது. நான்காவது மாடிப் பெண்மணி தன் மாமனாருக்கு வேண்டும் என்று ஒரு பிடி பறித்துக்கொண்டு லிஃப்டில் என்முன் நின்றார். அதை அவர் கையிலிருந்து வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன், அவருக்குக் கோபம். அன்று மத்தியானம் கீரைக்காரம்மாவிடம் அசல் மஞ்சள் கரிசலாங்கண்ணி ஒரு கட்டு வாங்கி, இந்தக் கொடியையும் பக்கத்தில் வைத்து, இலையின் முன்பக்கம் பின்பக்கம் தெரியும்படி படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நான் தவறாகச் சொன்னதையும், ஆப் சொன்னதே சரி என்பதையும், காமாலைக்காரர் ஆஸ்பத்திரி மேற்பார்வையில் தேறியதையும் எழுதினேன். புதினா விஷயத்தில் மட்டும் ஆப் இன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்று கடைசியில் சேர்த்தேன். முழுக்கச் சரணடைய என்னால் ஆகாது.

இரண்டாவது மாடிக்காரர் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அத்தோடு அவரோடு கணக்குத் தீர்ந்தது. வாசலில்தான் தீரவில்லை. துணி கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தாள். “வணக்கம் மேடம்”, “சாயங்காலம் வாங்கிக்கோங்க மேடம்.” குறை சொல்ல ஒன்றும் கிடையாது. தை போய், மாசி போய், பங்குனி வெயில் வந்தது. நான் நாளுக்கு இரண்டு தடவை வாசலைக் கடந்தேன், காரணமில்லாமல் கூட.

ஒரு சாயங்காலம் துணி வாங்கப் போனபோது, “கொஞ்சம் நில்லுங்க” என்றாள். வண்டியில் விரித்திருந்த போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் மூன்று செடிகள் கிடந்தன. வேரோடு, இலையோடு, மண்கூடப் போகாமல். பெட்டியைத் தூர நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யார் சொல்லிக் கொடுத்தது இவளுக்கு என்று நினைத்தேன். இரண்டாவது மாடிக்காரர் தோட்டக் குழாய்ப் பக்கம் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆப் வைத்திருக்கிற மனிதருக்கு ஒரு நாள் லிஃப்டில் நான் ஸ்பாட்டர் கதையைச் சொல்லியிருந்தேன்.

முதல் செடியை எடுத்தேன். பெயர் உடனே வாயில் வந்து நின்றது. முழுங்கிக்கொண்டேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன், தண்டை ஒடித்தேன், விரலில் தேய்த்துவிட்டுக் காத்திருந்தேன். யாரும் மணி அடிக்கவில்லை. விரல் கறுத்தது.

“கரிசலாங்கண்ணி. வெள்ளை.”

இரண்டாவதற்குப் பூக்காம்பு ஒரு சாண் நீளம், உச்சியில் சின்னதாக ஒரே பூ, இலை ஓரம் கோணல் மாணலாக வெட்டுப்பட்டிருந்தது. “வெட்டுக்காயப் பூண்டு. பெட்டி சுட்டா இத வைக்காத, வெட்டுக்குத்தான் இது.”

மூன்றாவது ஒரு சிறு கன்று. ஆறு இலைகள், பூவோ மொட்டோ இல்லை. கரிசலாங்கண்ணி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கசக்கி மோந்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சட்டைக்கு வந்தவர் ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். ஒரு பெயரைச் சொன்னால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். இருபத்தேழு வருடத்தில் அதைவிடக் குறைந்த நிச்சயத்தோடு கூட அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

“இது தெரியலம்மா” என்றேன். “பூ விடட்டும். பாத்துட்டுச் சொல்றேன்.”

அவள் அந்தக் கன்றை என் கையிலிருந்து வாங்கினாள். வண்டிக்கடியிலிருந்த பழைய பெயிண்ட் டப்பாவில் மண் இருந்தது. அதில் விரலால் குழி பறித்து ஊன்றி, துணிக்குத் தெளிக்கும் தண்ணீரை அதன்மேல் கொஞ்சம் தெளித்தாள்.

“பூ வுடற வரிக்கும் நான் தண்ணி ஊத்தறேன்க்கா” என்றாள்.